காவிக்குறி போட்ட தார்

உ
சிவமயம்

ஊர்க்காடு,
30.8.97, சனிக்கிழமை.

என் கண்ணான மகள் சித்ரலேகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் போன வாரம் பிறந்த கன்றுக்குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் நாலு வரி பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். போர்ட் பிளேரில் ஒரே மழை என்று ரேடியோவில் சொன்னார்கள், ஸ்கூலுக்குப் போகும்போது குடையை மறக்காதே, நனைந்த தலையோடு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டு நிற்காதே. காலையில் வெறும் டீயைக் குடித்துவிட்டு ஓடுவதாகப் போன கடிதத்தில் நீயே ஒப்புக்கொண்டிருக்கிறாய், அதற்கு நான் என்ன சொல்வேன் என்று உனக்கே தெரியும், ஆகையால் எழுதவில்லை. இங்கே பாவநாசம் அணையில் தண்ணீர் இருக்கிறது, கால்வாயில் முறை தவறாமல் விடுகிறார்கள், கார் நெல் நன்றாக இருக்கிறது. நம் வாழையும் இந்த வருஷம் கண்ணுக்கு நிறைவாக வந்திருக்கிறது. இப்போது அதுதான் எனக்குத் தொந்தரவு.

போனில் சொல்லலாம் என்றால் ஊரில் எஸ்.டி.டி. பூத் வைத்திருப்பது பூதத்தான், அவன் அப்பாவின் வாழைச் சங்கத்தில் ஒரு மெம்பர், நான் பேசி முடித்துக் கதவைத் திறப்பதற்குள் மூன்று தெருவுக்குச் செய்தி போய்விடும். அதனால்தான் கடிதம். நீ பதில் போட்டு அது கடல் தாண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்று தெரியாமல் இல்லை. ஆனாலும் யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும் போல இருக்கிறது. விஷயம் இதுதான். வருகிற வெள்ளிக்கிழமை, ஓணத்துக்காக நம் ஏத்தன் வாழையை வெட்டியாக வேண்டும், தள்ளிப்போட முடியாது. அந்த வாழையை வருஷா வருஷம் வாங்கும் ஏவாரி மதார் அண்ணாச்சிக்குத் தருவதாக நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். சங்கத்துக்குத் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார். இரண்டு வாக்கும் எப்படிப் போயின என்பது ஒரு குழப்பம், அதைச் சரிபண்ணுகிறேன் என்று நான் செய்துவைத்திருப்பது அதைவிடப் பெரிய குழப்பம். பொறுமையாகப் படி.

அப்பா ரிட்டயர் ஆன பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளாமல் இருந்ததை நீ பார்த்திருக்கிறாய். தை மாதம் குமரகுருபரன் என்று ஒரு பையன், வேளாண்மைப் படிப்புப் படித்தவன், வாழைக்காரர்கள் எல்லோரையும் கூட்டி ஒரு சங்கம் சேர்க்கவேண்டும் என்று வந்தான். ஏவாரி வந்து கண்ணால் பார்த்து விலை சொல்லும் வழக்கத்தை விட்டுவிட்டு, எல்லோரும் சேர்ந்து எடை போட்டு, தரம் பிரித்து, நம் லாரியிலேயே கேரளாவுக்கு அனுப்பவேண்டும் என்பது அவன் திட்டம். கையெழுத்து அழகாக இருக்கிறது, மனு எழுதத் தெரியும் என்று அப்பாவைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். அன்று முதல் அவருக்கு வயது பத்து குறைந்துவிட்டது. கங்கைகொண்டான் பக்கம் பழம் வைக்கக் குளிர் கிடங்கு கட்டித்தரச் சொல்லி மனு, அட்டைப்பெட்டிக்கு மனு, எல்லாவற்றையும் எனக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டுவார். நான் அரிசி களைந்துகொண்டே கேட்பேன். அந்தச் சந்தோஷத்தில் ஆடி மாதக் கூட்டத்தில் எழுந்து, முதல் லோடு செயலாளர் வீட்டு வாழைதான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கைதட்டினார்களாம். அந்தக் கால்வாய்க்கரை வயல் எங்கள் ஐயா, உன் தாத்தா, எனக்கு எழுதிவைத்தது, கன்று ஊன்றுவது முதல் வெட்டுவது வரை நான் பார்ப்பது என்பதெல்லாம் கைதட்டலில் அவருக்கு மறந்துபோயிற்று. சாப்பிடும்போது சொன்னார். எனக்கு வாயில் வைத்த சோறு அப்படியே நின்றுவிட்டது, ஏனென்றால் அதற்கு நாலு நாள் முன்னால்தான் மதார் அண்ணாச்சி குறி போட்டுவிட்டுப் போயிருந்தார்.

இந்தக் குறி விவகாரம் உனக்கு அவ்வளவாகத் தெரியாது, நீ எப்போதும் புத்தகமும் கையுமாக இருந்தவள். தார் தள்ளி ஒரு மாதம் ஆனதும் அண்ணாச்சி வருவார், தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றுவார், வரப்பு ஓரமாகத் தலைமாட்டில் நிற்கும் வாழையில் தாரின் காம்பில் காவியைக் குழைத்து ஒரு விரல் இழுப்பார். ஒரு தாரில் போட்டால் தோட்டம் முழுவதற்கும் போட்ட மாதிரி. முன்பணம் கிடையாது, கடுதாசி கிடையாது. வெட்டு அன்றைக்கு அந்தத் தாரைத்தான் முதலில் வெட்டவேண்டும், அதுவரை வேறு ஏவாரி யாரும் வரப்பில் கால் வைக்கமாட்டார்கள். இடையில் அந்தக் குறித் தார் காற்றில் சாய்ந்தாலோ குரங்கு தின்றாலோ பேச்சு செல்லாது, இரண்டு பேரும் மறுபடி முதலில் இருந்து பேசவேண்டும். யார் ஏற்படுத்தின வழக்கமோ, எங்கள் ஐயா காலத்திலேயே இப்படித்தான். இந்த வருஷமும் வந்தார், போடட்டுமா ஆச்சி என்று கேட்டார், நான் ஒவ்வொரு வருஷமும் சொல்வது போலப் போடுங்க அண்ணாச்சி என்றேன். அவ்வளவுதான் நடந்தது. தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் வாழை முழுவதும் தரையோடு படுத்தபோது, முழங்கால் சேற்றில் இறங்கி வந்து, விளையாத காயை எல்லாம் வறுவலுக்கு ஆகும் என்று எடுத்துக்கொண்டு போன மனுஷர் அவர். அன்றைக்கு ஊரில் வேறு யாரும் எங்கள் வரப்புப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அப்படியானால் அண்ணாச்சிக்கே கொடுத்துவிட வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். அங்கேதான் எனக்குப் புத்தி தடுமாறுகிறது. குமரகுருபரன் நம் வீட்டு வாசலில் தராசு கட்டி, பூதத்தான் தோட்டத்துத் தார் ஒன்றைத் தொங்கவிட்டுக் காட்டினான். அது பத்துக் கிலோ தாங்கும் என்று அண்ணாச்சி கண்ணால் மதித்த தார். தராசில் பன்னிரண்டரை நின்றது. அண்ணாச்சி பொய் சொல்லுகிறவர் இல்லை, ஆனால் அவர் கண் எந்தப் பக்கம் சாயும் என்பதை நான் இத்தனை வருஷமாக யோசித்ததே இல்லை. அத்தோடு நூறு தாருக்கு ஐந்து தார் அவருக்குக் கொசுறு வேறு. சரி, சங்கம்தான் நல்லது என்று நினைத்தால், அவர்கள் பூதத்தான் வாழையைச் சோதனையாக அனுப்பினார்களே, அதையும் பார்த்தேன். சீப்புச் சீப்பாக அறுத்து, பால் வடியவிடாமல் பெட்டியில் அடைத்து, கீழே சருகு போடாமல் அடுக்கி, திருவனந்தபுரம் போய் இறக்கும்போது பாதி கறுத்துப்போயிற்று. எடை போடத் தெரிந்தவர்களுக்கு ஏற்றத் தெரியவில்லை, ஏற்றத் தெரிந்தவருக்கு எடை போட மனசில்லை. இதில் நான் யாரிடம் போய் நிற்பேன். அப்பாவிடம் குறி விஷயத்தைச் சொன்னால் செயலாளர் வீட்டு வாழையே ஏவாரிக்குப் போகிறது என்று சங்கம் அன்றோடு கலைந்துவிடும், அப்பா பழையபடி ஈஸிசேரில் போய்ப் படுத்துவிடுவார். அதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன், திட்டாதே. போன புதன்கிழமை கல்யாண மண்டபத்தில் சங்கக் கூட்டம், சாப்பாடும் உண்டு, ஊரில் ஆம்பளைகள் எல்லோரும் அங்கே இலையில் உட்கார்ந்திருந்த உச்சிவேளையில் நான் அரிவாளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். குறித் தாரை வெட்டினேன். புல்லுக்கட்டுக்குள் வைத்துக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு வந்து வீட்டு அரங்கு அறையில் நெல்லுச் சாக்குக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். குறி போய்விட்டால் பேச்சு செல்லாது, நான் வாக்குத் தவறியதாக ஆகாது, அப்பா வாக்கும் நிற்கும் என்று கணக்குப் போட்டேன். குரங்கு தின்றதாக எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள் என்று வேறு நம்பினேன். குரங்கு அரிவாள் வைத்திருக்குமா என்று வீட்டுக்கு வந்து மூச்சு வாங்கும்போதுதான் தோன்றியது. என் வயலில் என் வாழையை நானே களவாண்டிருக்கிறேன், ஏட்டி. இதைக் களவு என்பதா வேறு என்ன என்பதா, நீ படித்தவள், நீயே சொல்லு.

மறுநாள் அப்பா குமரகுருபரனைக் கூட்டிக்கொண்டு வாழையைக் காட்டப் போனவர், தலைமாட்டு வாழை மொட்டையாக நிற்பதைப் பார்த்துவிட்டுத் தெருவெல்லாம் கேட்கிற மாதிரி வந்தார். சங்கத்தை உடைக்கிறதுக்கு ஏவாரிகள் வேலையைக் காட்டுதாங்க என்று பூதத்தான் எடுத்துக்கொடுத்தான். நேற்று வெள்ளிக்கிழமை மதார் அண்ணாச்சியே வந்தார். நல்லவேளை அப்பா வீட்டில் இல்லை. நான் அவரோடு வயலுக்குப் போனேன். வெட்டுவாயைக் குனிந்து பார்த்தார், விரலால் தடவினார். காம்பு நீளம் விட்டு, ஒரே வீச்சில் வெட்டியிருந்தது. அப்படித்தான் எங்கள் ஐயா எனக்குச் சொல்லித்தந்தது, சங்கத்துப் பிள்ளைகளுக்கு அது வராது. பிறகு நிமிர்ந்தவர் என் சேலையைப் பார்த்தார். வாழைக்கறை இன்னும் முந்தியில் இருந்தது, அது எந்தச் சோப்புக்குப் போகும். உடனே பார்வையைக் கால்வாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, குறி போச்சுன்னா பேச்சும் போச்சு ஆச்சி, இனிமே உங்க இஷ்டம், நான் ஒண்ணும் நெனைக்கலை என்று சொல்லிவிட்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். ஏறி மிதிக்கக்கூட இல்லை. நான் நினைத்தபடியே விடுதலை கிடைத்துவிட்டது. ஆனால் அப்போது வரப்பில் நின்றுகொண்டு அழுதேன், ஏன் என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை.

அத்தோடு விட்டதா என்றால் இல்லை. இன்று காலையில் அப்பா ஒரு மனு எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார். போலீஸ் ஸ்டேஷனுக்கு. மேற்படி மதார் என்பவர் எங்கள் சங்கத்தின் வளர்ச்சி பொறுக்காமல் தன் ஆட்களை ஏவி என்று அதில் வருகிறது. அழகான கையெழுத்து. திங்கட்கிழமை காலை பஸ்ஸில் அம்பாசமுத்திரம் போய்க் கொடுக்கப்போகிறாராம். அரங்கில் ஏத்தன் பழுக்கத் தொடங்கிவிட்டது, கதவைத் திறந்தால் மணம் வீடு முழுவதும் வருகிறது. பொடி போட்டுப் போட்டு அப்பாவின் மூக்கு மரத்துப்போனது எனக்கு இப்படி உதவும் என்று நினைத்ததில்லை. சொன்னால் என் புருஷனுக்கு ஊரில் தலைகுனிவு, சொல்லாவிட்டால் ஒரு பாவமும் அறியாத மனுஷரைப் போலீஸ் கூப்பிடும். அவரும் என்னைக் காட்டிக்கொடுக்கமாட்டார், அது எனக்கு நிச்சயம். இதற்கு மேல் எழுத வரவில்லை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டவேண்டும்.

செவ்வாய்க்கிழமை.

மூன்று நாளாக இந்தக் காகிதத்தை அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன், மஞ்சள் வாசனை அடித்தால் அதுதான் காரணம். நேற்றுக் காலை அப்பா குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டையை மாட்டி, மனு இருந்த உறையைப் பையில் வைத்தார். பஸ்ஸுக்குக் கால் மணி நேரம் இருந்தது. நான் அரங்குக்குள் போய்த் தாரைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்தேன். மேல் சீப்பு நல்ல மஞ்சளாகிவிட்டது. காம்பில் காவி அப்படியே இருந்தது. இது எங்கன கெடந்தது என்று கேட்டார். நாந்தான் வெட்டுனேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை, இரண்டாம் தடவை சொன்னேன். குறி போட்ட கதையையும் சொன்னேன். சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டார். எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன், பைய, சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார். என் வாய் சும்மா இருக்கவில்லை. கூட்டத்துல சொல்லுறதுக்கு மின்னால நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா என்றேன். இருபத்தொன்பது வருஷத்தில் அவரிடம் நான் இப்படி ஒரு பேச்சுப் பேசியதில்லை. அவர் எழுந்து அதே பஸ்ஸைப் பிடிக்கப் போனார். எங்கே போகிறார் என்று கேட்கப் பயமாக இருந்தது.

அவர் போனது அம்பாசமுத்திரத்தில் அண்ணாச்சியின் கடைக்கு. சாயந்திரம் வந்து கால் கழுவிவிட்டு, அவருக்கு அண்ணைக்கே தெரியுமாம்ளா என்று மட்டும் சொன்னார். மனுவைக் கிழித்தாரா, அங்கே என்ன பேசினார்கள், மன்னிப்புக் கேட்டாரா, எதுவும் தெரியாது. ராத்திரி அந்தப் பழத்தில் இரண்டு சாப்பிட்டார். இன்று காலையில் என்ன நடந்தது தெரியுமா. நான் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது சங்கத்து மெம்பர் பாரத்தைக் கொண்டுவந்து அடுப்படி மேடையில் வைத்தார். அதில் வைத்தியலிங்கம் என்று அவர் பெயர் இருந்ததை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே பிரம்மநாயகி என்று எழுதியிருந்தது. வயல் உன் பேர்ல இருக்கு, பாரமும் உன் பேர்லதான் இருக்கணும், நாந்தான் தப்பா எழுதிட்டேன், கையெழுத்துப் போடுதியா என்று கேட்டார். போடு என்று சொல்லவில்லை, போடுதியா என்று கேட்டார். தோசை கருகிவிட்டது. யோசிச்சுச் சொல்லுதேன் என்றேன். சரி, ஆனா வெள்ளிக்கிழமைக்கு லாரி சொல்லணும், அதுக்கு மின்னால சொல்லு என்று சொல்லிவிட்டு, கருகின தோசையையே சாப்பிட்டுவிட்டுப் போனார். மதார் அண்ணாச்சியும் பால்காரனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆச்சி புதுசாப் பேசணும்னா நானும் புதுசாப் பேசுதேன், பேசலைன்னாலும் ஓணம் கழிஞ்சு வந்து காப்பி குடிப்பேன் என்று.

இவர்கள் இரண்டு பேரும் இப்படி நல்லவர்களாக இருப்பது எனக்கு ஒத்தாசையாகவே இல்லை. ஒருவராவது சண்டை போட்டிருந்தால் மற்றவர் பக்கம் சுலபமாகப் போயிருப்பேன். பகல் முழுவதும் யோசித்து ஒன்று மட்டும் மனதில் வந்திருக்கிறது, சரியா என்று தெரியவில்லை. பாரத்தில் கையெழுத்துப் போடுகிறேன், எடை போட்டுத்தான் கொடுப்பேன், ஆனால் வெட்டுகிற அன்றைக்கு மதார் அண்ணாச்சி வயலில் நிற்கவேண்டும், எந்தத் தார் விளைந்தது, எப்படிச் சருகு போட்டு ஏற்றுவது என்று அவர் சொல்லவேண்டும், அதற்கு உள்ள கூலியைச் சங்கம் அவருக்குக் கொடுக்கவேண்டும் என்று சொல்லப்போகிறேன். ஏவாரியை எப்படிச் சேர்க்கிறது என்று பூதத்தான் குதிப்பான். அந்தப் பையன்களுக்குக் கீழே கூலி வாங்க அண்ணாச்சி சம்மதிப்பாரா, கேட்பதே அவரை அவமானப்படுத்துகிற மாதிரி ஆகிவிடுமா, அதுவும் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்து நான்தான் கேட்கவேண்டும். நாளைக் காலை பஸ்ஸில் போகிறேன். முதலில் அந்தத் தாரை வெட்டினது நான் என்று என் வாயால் சொல்லவேண்டும், அவருக்குத் தெரிந்திருந்தாலும் நான் சொன்னதாக ஆகாதே. மற்றது பிறகு. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று இன்னும் யோசிக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். நெல்லையப்பரும் காந்திமதியும் உன் பக்கத்திலேயே துணை இருந்து, நீ நினைத்ததெல்லாம் குறையில்லாமல் நடக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி, இங்கிருந்து அனுப்பின எண்ணெய் தீர்ந்திருந்தால் எழுது. பதிலை அப்பா பெயருக்கே போடு, ஆனால் இந்த விஷயம் பற்றி ஒரு வரியும் அதில் எழுதாதே, அவர் வாசித்துவிட்டுத்தான் எனக்குத் தருவார். எனக்கு என்று தனியாக எழுதவேண்டுமானால் தனி உறையில் என் பெயர் போட்டு எழுது. இதுவரை எனக்கு என்று ஒரு கடிதம் வந்ததில்லை, தபால்காரன் கொஞ்சம் திகைப்பான், பரவாயில்லை.

எப்போதும் கடைசியில் அம்மா என்று மட்டும்தான் போடுவேன். இன்று கீழே முழுப்பெயரும் போட்டிருக்கிறேன், சிரிக்காதே. பாரத்தில் போடுவதற்கு முன்னால் எழுதிப் பார்க்கிறேன், கல்யாணப் பதிவுக்குப் பிறகு நான் எங்கேயும் கையெழுத்துப் போட்டதில்லை.

உன் அம்மா,
வை. பிரம்மநாயகி